முப்பத்திரண்டு பென்சில் புள்ளிகள்

திருமங்கலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டரில் மாணவர்களின் மார்க் அத்தனையும் அழிந்துபோன அன்று, எங்கள் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "யாரு அதுல இன்ஸ்டால் பண்ணது?" என்பதுதான்.

பண்ணியது பத்மா. விளாங்குடியிலிருந்து வருகிற பெண், கெட்டிக்காரி. மறு மாதம் அவள் வேலை நிரந்தரமாக வேண்டியது.

அப்போது டயல்-அப் காலம். சாஃப்ட்வேர் பேக்கேஜை ஆபீஸில் டவுன்லோடு செய்து, சிடியில் எழுதி, பஸ்ஸில் கொண்டுபோய்ப் போடுவோம். அசல் ஃபைல்தானா என்று பார்க்க எம்டி5 என்று ஒரு கணக்கு உண்டு. எந்த ஃபைலைக் கொடுத்தாலும் எழுத்தும் எண்ணும் கலந்து முப்பத்திரண்டு கொண்ட ஒரு வரி வரும். ஃபைலில் துளி மாறினாலும் அந்த வரி மாறிவிடும். தயாரித்தவர்கள் தங்கள் தளத்தில் போட்டிருக்கும் வரியை நோட்டில் எழுதிவைப்பது என் வேலை. போன இடத்தில் ஃபைலுக்கு எம்டி5 போட்டு, நோட்டோடு ஒப்பிடுவது பத்மா வேலை. ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே பென்சிலால் புள்ளி வைப்பாள். "இம்புட்டுப் பொறுமை எங்கிருந்துதான் வருதோ உனக்கு!" என்று கிண்டல் செய்வேன்.

அந்த முறை தயாரித்தவர்களின் தளம் திறக்கவே இல்லை. வேறு ஏதோ தளத்தில் அதே பெயரில் கிடந்த ஃபைலை எடுத்தேன். நோட்டில் எழுத வரி வேண்டுமே? எடுத்த ஃபைலுக்கே எம்டி5 போட்டு, வந்ததை எழுதிவைத்தேன். சோம்பேறித்தனம், வேறென்ன? திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி. பிறகு பத்மா பார்த்தால் பொருந்தாமல் எப்படி இருக்கும்?

அந்த ஃபைலுக்குள் எவனோ வேலை காட்டியிருந்தான். இரண்டே நாளில் மார்க் மொத்தமும் காலி.

"செக் பண்ணாமப் போட்டுருக்க. நாளையிலருந்து வராத," என்றார் முதலாளி.

"பண்ணேன் சார். முப்பத்திரண்டுக்கும் புள்ளி வச்சிருக்கேன், பாருங்க சார்," என்று பத்மா நோட்டை நீட்டினாள். அவர் கையில் வாங்கவே இல்லை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

இன்று வேலைக்குச் சேருகிறவர்களிடம் சொல்கிறேன். வரி பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எழுதினவன் நானாக இருந்தாலும் கேளுங்கள்.

அன்று பத்மா கேட்கவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது என்னிடம் சொன்னாள்:

"நோட்டுல எழுதுனது நீங்கண்ணே, அது தப்பா இருக்காது. நாந்தான் எங்கயோ சரியாப் பாக்காம விட்டுட்டேன் போல."