காணாத கனவு

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மண்ணெண்ணெயைக்கூட அளந்து ஊற்றிய காலம். உசிலம்பட்டிப் பக்கம், மழையை நம்பிய காடும் மாடுகளுமாக இருந்த ஒரு கிராமத்துக்கு நான் வாக்கப்பட்டுப் போயிருந்தேன். தலைப்பிள்ளை ஆண்பிள்ளை. அவன் பிறந்து இரண்டு மாதத்துக்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மனசு சரியில்லை, காத்துக்கருப்பு அண்டிவிட்டது என்றெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பிடிக்காது. பைத்தியம்தான். பட்டவள் நானே சொல்கிறேன், படிக்கிறவர்கள் சங்கடப்பட வேண்டியதில்லை.

முதலில் தூக்கம் போனது. பிறகு, தொட்டில் கட்டியிருந்த விட்டத்தின்மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தான். எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் நீங்கள் இந்தத் தாளைப் பார்ப்பதுபோல அவ்வளவு தெளிவாக நான் அவனைப் பார்த்தேன். பிள்ளையைக் கேட்கிறான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருநாள் மத்தியானம் அவனிடமிருந்து ஒளித்துவைப்பதாக நினைத்துக்கொண்டு பிள்ளையைத் தோட்டத்துக் கிணற்றுக்குத் தூக்கிப்போனேன். கமலை இறைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, கிணற்றுப் படியில் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். அதனால்தான் என் மகன் இன்றைக்கு உயிரோடு இருக்கிறான். அன்றோடு பிள்ளையை என் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கொழுந்தன் பெண்டாட்டி தன் பிள்ளையோடு அவனுக்கும் பால் கொடுத்தாள்.

கோடாங்கி வந்து உடுக்கை அடித்தார். வேப்பங்குலையால் என்னையும் அடித்தார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொடுத்த தண்ணீர் மருந்தைக் குடித்தால் தூக்கம் வரும். விழித்தால் விட்டத்து ஆள் அங்கேயே இருப்பான். சென்னைப் பட்டணத்தில் இதற்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவ்வளவு தூரம் போக எங்கள் வீட்டில் யாருக்கும் வழியும் தெரியாது, தைரியமும் கிடையாது. கடைசியில், சந்தைக்கு மாடு பிடிக்க வரும் ஒரு சாயபு, வைகைக் கரையோரம் சின்னதாக ஒரு தர்கா இருக்கிறது, அங்கே போய்த் தங்கினால் இந்த மாதிரிக்குக் குணமாகும் என்று வழி சொன்னார். வண்டியில் வைக்கோலைப் பரப்பி, கையைக் கட்டி, என்னைக் கொண்டுபோனார்கள்.

அங்கே என்னைப்போல நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாச் சாதியும் உண்டு, எல்லா மதமும் உண்டு. முரண்டு பிடிப்பவர்களுக்குக் காலில் சங்கிலி. எனக்கும் முதலில் போட்டார்கள். அதை அழகாகச் சொல்ல என்னால் முடியாது. கணுக்கால் புண்ணாகும், ஈ மொய்க்கும், விரட்டக் குனிந்தால் சங்கிலி இழுக்கும். ஆனால் அடி கிடையாது. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

தர்காவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு ராவுத்தர். பெரிய ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது வயது இருக்கும். அண்ணன் காலமாகிவிட்டதால் பொறுப்பு இவர் தலையில் விழுந்திருந்தது. வருஷம் முழுவதும் ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் ஓதுவார். முருங்கைக் கன்றை ஆடு கடித்துவிட்டால் தெருவே கேட்கத் திட்டுவார். காலையில் கிணற்றடிக் குளியல், சாயங்காலம் சாம்பிராணிப் புகை, ஓதி ஊதிய தண்ணீர், அதற்குப்பிறகு தூக்கம். இதுதான் வைத்தியம். நோயாளியோடு சொந்தத்தில் ஒருவர் கட்டாயம் தங்க வேண்டும். வந்த அன்றைக்கு மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டுவார்கள். குணமானவருக்குக் கனவில் உத்தரவு வரும். அதை ராவுத்தரிடம் சொன்னால், அவர் கயிற்றை அறுத்து ஊருக்கு அனுப்புவார். கனவு வராமல் கயிறு அறுபடாது. போன பிறகும் ஒரு வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் வந்து தண்ணீர் வாங்கிப் போக வேண்டும்.

என்னோடு தங்கியவர் என் மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. வாயைத் திறந்தால் அரிவாள்தான். புருஷன் போன பிறகு ஒரே மகளோடு பிறந்த வீட்டில் இருந்தார். அவர் ஏன் என்னோடு வந்து கஷ்டப்படுகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. ராத்திரி நான் எழுந்தால் அவரும் எழுவார், திட்டிக்கொண்டே முதுகைத் தடவுவார், நான் தூங்கிய பிறகுதான் படுப்பார். எங்கள் வீட்டில் இருந்தபோது என்னைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள், அழுதார்கள். தூங்கவைக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அங்கேயும் வேப்பமரக் கிளையில் வந்து உட்கார்ந்திருந்த கம்பளிக்காரனுக்கு முதலில் முகம் போனது. பிறகு வெறும் கம்பளி மட்டும் தெரிந்தது. ஒருநாள் காலையில் அண்ணாந்து பார்த்தால் வேப்பமரக் கிளை மட்டும்தான் இருந்தது. சங்கிலியைக் கழற்றினார்கள். அரிசியில் கல் பொறுக்கினேன், பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டேன். எதனால் குணமானேன் என்று கேட்பவர்கள் உண்டு. ஓதிய தண்ணீரா, தூக்கமா, நாள் போனதா, எனக்குத் தெரியாது. தெளிந்த பிறகு பிள்ளை நினைப்பு வந்து என்னைக் கொன்றது. பைத்தியமாக இருந்தபோது அந்த வேதனை இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

எல்லாம் சரியாயிற்று, கனவு மட்டும் வரவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள்கூடக் கனவு கண்டு ஊருக்குப் போனார்கள். நான் படுத்தால் கட்டைபோலத் தூங்கினேன். ஈ எறும்புகூடக் கனவில் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க என் வீட்டுக்காரர் வந்தபோது முகம் சரியில்லை. பிள்ளை தவழ்கிறான் என்றார். கொழுந்தன் பெண்டாட்டியைப் பார்த்து 'ஆத்தா' என்கிறான் என்றும் சொன்னார். அதற்குமேல் அவர் எதையோ மென்று விழுங்க, மதினி ஓரமாக இழுத்துப்போய் மிச்சத்தைக் கறந்துவிட்டார். தை பிறப்பதற்குள் நான் வந்து சேராவிட்டால், அவருக்கு வேறு பெண்ணைக் கட்டிவைத்துவிடுவது என்று என் மாமியார் முடிவு செய்துவிட்டார். பெண் வேறு யாரும் இல்லை, மதினியின் மகள்தான். அக்கா மகள், உரிமைப் பெண். பிறந்த வீட்டை அண்டியிருக்கும் மதினியால் தன் அம்மாவிடம் மாட்டேன் என்று சொல்லவும் முடியாது.

"எம் மக ஒனக்குச் சக்களத்தியா வரவா நான் அவளப் பெத்து வளத்தேன்? அதுக்குத்தான்டி ஒன்னயக் கட்டிக்கிட்டு இங்கன கெடக்குறேன்" என்றார் மதினி.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கோபம் வரவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் முதுகைத் தடவிய கை அவர் கைதானே.

அன்று முதல் மதினி எனக்குக் கனவு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பச்சைத் துணி போர்த்திய ஒரு பெரியவர் வருகிறார், தலையைத் தொடுகிறார், போய்வா என்கிறார். இவ்வளவுதான் முதலில் இருந்தது. இதைச் சொல்ல வாய் வலிக்குமா என்று கேட்டார். இரண்டு நாளில் பெரியவர் குதிரையில் வந்தார். அதற்கடுத்து அவர் கையில் பேரீச்சம்பழம் ஏறியது. கனவு நாளுக்கு நாள் சதை போட்டுக்கொண்டே வந்தது. நான் அரிசி புடைக்கும்போதெல்லாம் பரீட்சை வைப்பார். குதிரை என்ன நிறம் என்பார். செவலை என்று சொன்னால் முறத்தைப் பிடுங்கித் தலையில் ஒரு தட்டு: வெள்ளைக் குதிரை.

சொல்லிவிடுவது என்றுதான் நானும் முடிவு செய்திருந்தேன். பொய்யே சொல்லாத உத்தமி இல்லை நான். பெற்றவளிடமும் மாமியாரிடமும் நான் அவிழ்த்துவிட்ட பொய்களுக்கு அளவே கிடையாது. இது என்ன பெரிய பொய்? இதனால் யார் குடி கெடப்போகிறது? பிள்ளையும் கிடைக்கும், புருஷனும் மிஞ்சுவார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ராவுத்தர் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். மதினி என்னை முன்னால் தள்ளினார். கனவு கண்டாயா தாயி என்று ராவுத்தர் வழக்கம்போலக் கேட்டார்.

சொல்வதற்காக அந்தப் பெரியவரை மனசில் நினைத்தேன். நினைத்ததும் வந்துவிட்டார். பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு, கம்பளிக்காரன் எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படியே என் எதிரில் உட்கார்ந்தார். இவரைப் பார்த்தேன் என்று இப்போது என் வாயால் சொல்லிவிட்டால், நாளைக்கு எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று நான் எப்படிப் பிரித்துச் சொல்வேன்? இத்தனை நாள் பட்டபாட்டில் எனக்கு மிஞ்சியதே அந்த ஒரு தெளிவுதான். அதையும் கொடுத்துவிட்டா வீட்டுக்குப் போவது?

"காணலீங்க. காணாததக் கண்டேன்னு சொல்லித்தான் என்னயக் கையக் கட்டி இங்க கொண்டாந்தாக. இப்பவும் காணாததக் கண்டேன்னு சொன்னாத்தான் வீட்டுக்குப் போகலாம்னா, நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

மதினி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ராவுத்தர் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, உன் பிள்ளை வேண்டாமா என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வேணும்ங்க. அவனத் தூக்கணும்னா எனக்குத் தெளிஞ்ச கண்ணு வேணும்ல?"

அவர் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. கனவில்லாமல் அதுவரை யாரையும் அனுப்பியதில்லை. அண்ணன் காலத்திலும் இல்லை, அவர் அப்பா காலத்திலும் இல்லை. இளவயசுக்காரர், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். எனக்கென்னவோ சங்கிலியோடு திரும்பி வருவார் என்று தோன்றியது. பேனாக்கத்தியோடு வந்தார். என் கையைப் பிடித்துக் கயிற்றை அறுத்தார்.

"தூங்குறவுகளுக்குத்தான் கனவுல உத்தரவு வரும். நீ முழிச்சுக்கிட்டே தாயி. போயிட்டு வெள்ளிக்கெழம வந்துரு" என்றார்.

சொல்லி முடித்ததும் பெரிய தும்மலாகத் தும்மினார். மதினி அழுதுகொண்டே அதற்கும் ஏதோ திட்டினார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. என் வீட்டுக்காரர் வாசலில் வைத்தே நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் தன் அம்மாவிடம் சொன்னார். மாமியார் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கிணற்றுப் படியில் நான் நின்றதைக் கேட்ட யாருக்கும் அந்தப் பயம் இருக்கும். என்னை உள்ளே கூப்பிட்டு, விட்டத்தைக் காட்டி, இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அண்ணாந்து பார்த்தேன்.

"ஆளு யாருமில்ல அத்த. ஒரு பல்லி இருக்கு."

அவரும் பார்த்தார். பல்லி இருந்தது. என்னை உட்காரச் சொல்லிப் பிள்ளையை என் மடியில் வைத்தார். வைத்துவிட்டுப் பக்கத்தில் காவல் நிற்பார் என்று நினைத்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும். அவன் என்னைக் கண்டு அலறினான். அவனுக்கு நான் யாரோ. அழ அழ வைத்துக்கொண்டு நானும் அழுதேன். அழுது ஓய்ந்து என் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியபோது எனக்கு உயிர் திரும்பி வந்தது.

ஒரு வருஷம் வெள்ளிக்கிழமை தவறவில்லை. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய பஸ்ஸில், முகமெல்லாம் கரியாகப் பிள்ளையோடு போய் இறங்குவேன். ராவுத்தர் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்; முருங்கைக் கன்றைப் பிடுங்கப்போகும் என் மகனைத் திட்டுவார். அடுத்த பிரசவத்தில் தூக்கம் குறைந்தபோது, இந்தமுறை நானே முதலில் சொன்னேன். மதினி வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. அவர் மகளைத் திருவாதவூரில் நல்ல இடத்தில், மூத்த தாரமாகவே கட்டிக்கொடுத்தோம். அதற்குக் காரணம் தான் சொல்லிக்கொடுத்த கனவுதான் என்று அவர் கடைசிவரை சாதித்தார்.

இப்போது எங்கள் ஊரில் வரப்புத் தகராறோ, ஆடு காணோம் என்ற வழக்கோ வந்தால், கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். 'அவ கண்டதத்தான் சொல்லுவா' என்று பஞ்சாயத்தில் பெரிய மனிதர்கள் சொல்லிக்கொள்வது என் காதில் விழும். என் கண்ணை ஊரும் நம்பாமல் நானும் நம்பாமல் கிடந்த நாட்கள் அப்போது நினைவுக்கு வரும். அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லி வீட்டுக்கு வந்திருந்தால் பிள்ளையை வாங்கியிருப்பேன், ஆனால் என்னை நான் திரும்ப வாங்கியிருக்க மாட்டேன் என்று தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சாட்சி சொல்ல எழுந்திருப்பேன்.