ஆயுதபூஜையன்று அணைத்த சர்வர்

சங்கரன்கோவிலில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக் கம்பெனியின் மெயில் சர்வரை அணைக்க நான் யாரையும் விட்டதில்லை. ஆயுதபூஜைக்குத் தறியெல்லாம் நிற்கும். அது மட்டும் ஓடும். ஒருமுறை நின்றால் அதிலிருக்கும் கிழட்டு டிஸ்க் மறுபடி சுற்றாது என்ற பயம். பேக்கப்புக்கு இன்னொரு டிஸ்க் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்த வருடம் ஒருவழியாகப் புது சர்வர் வந்தது. பூஜைக்கு முந்தின நாள், பழைய மெயில்களை அதற்குக் காப்பி ஆக விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் காப்பி பாதியில் நிற்கிறது. பழைய பெட்டி சந்தனமும் குங்குமமுமாக, சத்தமில்லாமல் இருந்தது.

"நாந்தான் ஆஃப் பண்ணேன், தம்பி," என்றார் மேனேஜர் அண்ணாச்சி. "அதான் புதுசு வந்துட்டுல்லா. பாவம், இத்தன வருசமா கண்ண மூடல. இன்னைக்காவது தூங்கட்டும்."

பட்டனை அழுத்தினேன். டிஸ்க் முனகியது; சுற்றவில்லை. மறுபடி அழுத்தினேன். முனகல்கூட இல்லை. வியாபாரிகள் எழுதிய மெயில்களில் பாதி அதற்குள்ளேயே போயிற்று. எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் துடைத்துப் பொட்டு வைத்தவரை என்ன சொல்லித் திட்டுவது?

"நாளைக்கு எந்திச்சிரும்லா?" என்று கேட்டபடி, அவர் என் கையில் பொரியை அள்ளி வைத்தார்.