இரண்டு போத்தலையும் நீட்டிய அப்பா

உச்சந்தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்த அப்பாவின் வியர்வைதான் அந்தப் பயணத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. எனக்கு எட்டு வயது. சைக்கிளின் முன் 'பாரில்' துவாயை மடித்துப் போட்டு என்னை இருத்தி, சிலாவத்துறைக்கும் அப்பால் இருந்த அந்தோனியார் கோயில் திருநாளுக்கு அவர் கூட்டிப்போயிருந்தார். தோட்டவெளியில் எங்கள் வீட்டில் கைக்குழந்தையான தம்பிக்குக் குக்கல் இருமல். இருமி இருமி முகம் நீலம் பாரித்துப்போகும். அவனுக்கு மந்திரித்த தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது அம்மாவின் நேர்ச்சை.

கோயில் கிணற்றில் இரண்டு போத்தல் நிரப்பினோம், ஒன்று தம்பிக்கு, மற்றது திரும்பும் வழியில் குடிக்க. சுவாமியார் மந்திரிக்க வந்தபோது சனம் முண்டியடித்ததில், அப்பா அவசரப்பட்டு இரண்டு போத்தலையும் நீட்டிவிட்டார், இரண்டுமே மந்திரித்த தண்ணீராகிவிட்டது.

"அட, வழித்தண்ணியையும் நீட்டிப்போட்டன்!" என்று அவர் முழித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"மந்திரிச்ச தண்ணி நோய்க்கு மருந்து, தாக விடாய்க்கு இல்லை, நிலத்திலை சிந்தி மிதிபட்டாலும் பாவம்" என்பது அம்மாவின் சொல், எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். ஆகவே அதைக் குடிக்கவும் முடியாது, ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் பிடிக்கவும் முடியாது. கைவசம் வேறு போத்தலோ ஏனமோ இல்லை.

"வழியிலை கிணறிருக்குப் பிள்ளை, யோசியாதை" என்றார் அப்பா. கிணறு இருந்ததுதான், அள்ளி வாயில் வைத்தால் ஒரே உவர். பின்னாலிருந்து வீசிய சோளகக் காற்று சைக்கிளைத் தள்ளியதே தவிர, முகத்தில் ஒரு பொட்டுக் காற்றுப் படவில்லை. முட்பற்றை வெளியில் மனிதத் தலை ஒன்றையும் காணவில்லை. "சின்னப்பிள்ளைக்குப் பாவமில்லை" என்று எனக்கு மட்டும் ஒரு மூடியளவு தருவார். நீங்களும் குடியுங்கோ என்றால், "வீட்டை போய்க் குடிப்பம்" என்பார்.

பிறகு தலையில் சொட்டு விழுவது நின்றது. முதலில் எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. அதன்பின் கழுத்தில் பட்ட அவர் மூச்சு அடுப்பு வாய்போலச் சுட்டது, சைக்கிள் அங்குமிங்கும் அலைந்தது. "கொம்மா எங்கை, பின்னாலை வாறாவோ?" என்று கேட்டார். அம்மா எங்களோடு வரவேயில்லை என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. ஓர் உடைமரத்தடியில் சைக்கிளோடு சரிந்து விழுந்தவர் பிறகு எழும்பவில்லை.

அப்பா செத்துப்போகப்போகிறார் என்று நினைத்தேன். போத்தலைத் திறந்து வாயில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறார்.

"வேண்டாம்... தம்பிக்கு..."

"தம்பிக்கு மற்றது இருக்கு, வாயைத் திறவுங்கோ!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினேன், வாழ்நாளில் முதல் தடவையாக. வாயில், தலையில், நெஞ்சில் ஊற்றினேன். சிந்தியது மண்ணில் ஓடியது. அதன் மேல்தான் நின்றேன், பாவமாவது மண்ணாவது. கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். பின்னேரம் அவ்வழியால் வந்த மீன் லொறியொன்று எங்களை ஏற்றிக்கொண்டது.

வீட்டில் நான் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தம்பிக்கென்று மிஞ்சிய அந்தப் போத்தலையும் திறந்து அப்பாவின் வாயில் வைத்தார்.

"முதல் நீங்கள் குடியுங்கோ. நீங்கள் இல்லாட்டி உந்தத் தண்ணியை வைச்சு நான் என்ன செய்யிறது, விசர் மனுசன்!" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். மிச்சத்தைத் தம்பியின் நெஞ்சில் தடவினார். அவனுக்கும் மெல்ல மெல்லச் சுகம் வந்தது.

இப்போது அது தார் ரோட்டு. தம்பியின் 'வான்' வண்டியில் போகும்போது கடைக்குக் கடை போத்தல் தண்ணீர் தொங்குகிறது. அந்த உடைமரத்தையும் காணவில்லை. கடவுளுக்குப் பயந்து விடாயை அடக்கிக்கொண்டு அந்த வெளியைக் கடக்கிறவர்களும் இல்லை. மற்றவற்றுக்காக நான் கவலைப்படலாம். அந்தப் பயம் தொலைந்ததற்காக ஒருநாளும் கவலைப்படமாட்டேன். எனக்கு எட்டு வயதாயிருக்கும்போதே அது என் அப்பாவைக் கொண்டுபோகப் பார்த்தது.