அம்மாவின் குரலில் அக்கா

அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் இருபது வருஷம் மீன் விற்றாள். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து இறங்குவாள். வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். மீனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு நகர்கிறவர்களை அவள் சும்மா விட்டதே இல்லை.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தியா? புடிச்சா எடு, இல்லாங்காட்டி கெளம்பு!"

திட்டு வாங்கியவரே சிரித்துக்கொண்டு மீனையும் வாங்கிப் போவார். அப்பா துறைமுகத்தில் லோடு ஏற்றும்போது அடிபட்டு இறந்துபோன பிறகு, அக்காவையும் என்னையும் வளர்த்தது அந்தக் குரல்தான்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ராயபுரத்தில் ஒரு ஜிம்மில் பளு தூக்கினாள். கிடைத்த மெடலைக் காட்டி ரயில்வேயில் வேலை வாங்கிவிடலாம் என்று பெரம்பூருக்கு நடையாய் நடந்தாள். வேலை கிடைக்கவில்லை. டிவி மல்யுத்தத்துக்குப் பெண்களைத் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, பயிற்சிக்காக வடக்கே கிளம்பிப் போனாள். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு மோதுகிற மல்யுத்தம் அது.

"ஜெயிக்கறதுதான்டி பொய்யி. வுழறது நெஜம்" என்பாள் போனில்.

இரண்டு வருஷம் தோற்கிற வேஷம்தான். ஒருமுறை தோள் நழுவி, கையைத் தூக்கித் தலைகூடச் சீவ முடியாமல் வீட்டில் கிடந்தாள். பிறகு அந்தக் கம்பெனி தமிழிலும் நிகழ்ச்சி ஆரம்பித்தது. ஒரு நாள் எதிராளி மைக்கைப் பிடித்து அவளைக் கேலி செய்ய, அக்கா அதைப் பிடுங்கி எங்கள் மார்க்கெட் பேச்சில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். எழுதிக் கொடுத்ததில் ஒரு வரி இல்லை. அந்த வீடியோ ஊரெல்லாம் பரவியது. அடுத்த மாதமே அவளை மீன்காரி வில்லி ஆக்கிவிட்டார்கள். இடுப்பில் கூடை, தூக்கிச் செருகின புடவை, வாய் நிறைய வசவு.

நிகழ்ச்சி சென்னைக்கு வந்தபோது அம்மாவுக்கும் எனக்கும் இரண்டாவது வரிசையில் இடம் போட்டிருந்தாள். அம்மா நல்ல புடவையாகத் தேடிக் கட்டிக்கொண்டு வந்தாள். அக்கா கூடையோடு ஆடி ஆடி நடந்து வந்தாள். எதிரில் நின்றவளைப் பார்த்து, "இன்னா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றாள். ஆயிரக்கணக்கான பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அப்புறம் திரும்பி, பின்னால் சிரித்துக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் கேட்டாள்:

"நான் பேசறது அவ்ளோ தமாசாவாடி கீது?"

"அது ஷோம்மா" என்றேன்.

அந்த மீன்காரியின் அம்மா இவள்தான் என்று தெரிந்ததும் மார்க்கெட்டுக்கு ஆட்கள் தேடி வந்தார்கள். மீனுக்காக வரவில்லை. போனை நீட்டி, "எக்கா, அந்த டயலாக்க ஒரு தபா சொல்லேன்" என்று நின்றார்கள். அம்மா திட்டினால் அதையும் படம் பிடித்துச் சிரித்தார்கள். மெல்ல மெல்ல அவள் விலையைக்கூட முணுமுணுப்பாகச் சொல்ல ஆரம்பித்தாள். கூடையில் பாதி மீன் அப்படியே திரும்பி வந்தது.

அக்காவிடம் சொன்னேன். முதலில் என்மேல் எரிந்து விழுந்தாள். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு கடையில் நின்று பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எம்மா, நான் வுட்டுடட்டா?"

"இன்னாத்துக்கு? உனுக்குச் சோறு போடுது. போய் வேலய பாரு."

வேஷத்தை மாற்றித் தரும்படி கம்பெனியில் கேட்டாள். கூடை இல்லையென்றால் மேடையும் இல்லை என்றார்கள். நேரடி ஒளிபரப்பு ஒன்றில் அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு மைக்கை எடுத்தாள்.

"இது எங்கம்மா கூடை. எங்கம்மா பேச்ச களவாண்டு வந்து உங்ககிட்ட வித்துகினு கீறேன். இப்ப அது வாயே தொறக்கறதில்ல. இனிமே இத்த நான் தூக்க மாட்டேன்."

அரங்கமே எழுந்து நின்று விசில் அடித்தது. வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார். அன்று ராத்திரி அக்கா போனில் அழுதாள்.

"நெஜமா சொன்னேன்னு ஒர்த்தர்கூட நம்பலடி."

கம்பெனி அதையே அடுத்த கதையாக்கியது. வில்லியாக இருந்தவள் கதாநாயகி ஆனாள். அவள் சொன்ன வரிகளை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றார்கள். ஒப்பந்தம் முடியாமல் வெளியே வரவும் வழியில்லை. விம்கோ நகர் பக்கம் அவள் முகம் போட்ட பேனர் நின்றது. அம்மாவின் கூடையைத் தூக்கப் போய், அக்கா அந்த வேஷத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றியது.

அக்கா கூடையைக் கீழே வைத்த வீடியோவை அம்மா என் போனில் இரண்டு தரம் போடச் சொல்லிப் பார்த்தாள்.

"அழுவறா பாரு. அதுகூடவா தெரியல அவனுங்களுக்கு?"

அம்மா மார்க்கெட்டில் தன் இடத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். இப்போது ஒரு கொட்டகையில் உட்கார்ந்து இறால் உரிக்கிறாள். அங்கே கூவ வேண்டிய அவசியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கூப்பிடுவாள். "துன்னியா?" என்பாள் அம்மா. "துன்ட்டேன்" என்பாள் அவள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அம்மா போனை என்னிடம் நீட்டிவிடுவாள்.