நாலு விறகு

கருவேல விறகு பச்சையாக எரிந்தால் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையைக் கமறவைக்கும். எனக்கு எட்டு வயதான அந்த வாந்திபேதிக் கோடையில், சமயநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் "பெரியவீட்டு"க் கொல்லையிலிருந்து அந்தப் புகை பொழுது சாயும்வரை எழுந்துகொண்டே இருந்தது.

எங்கள் சேரிக்கு இருந்த ஒரே ஊருணி வற்றிக் கலங்கிக் கிடந்தது. மதுரையிலிருந்து வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் மூக்கில் கைக்குட்டையோடு தெருமுனையில் நின்று, "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க, சூட்டுல கிருமி செத்துப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எதை எரித்துக் கொதிக்க வைப்பது என்று அவர் சொல்லவில்லை. தோப்பு பெரியவீட்டாருடையது, மாட்டுச் சாணமும் அவர்களுடையது. புறம்போக்குச் சுள்ளியை ஊரே பொறுக்கித் தீர்த்திருந்தது. கம்பந்தட்டையை எரித்து ஒருவேளைக் கூழ் காய்ச்சுவதே எங்களுக்குப் பெரும்பாடு. அய்யா கொழும்புப் பக்கம் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். அம்மாதான் பெரியவீட்டுக்கு விறகு வெட்டிச் சுமந்தாள். அவள் சுமந்த விறகில் அவர்கள் அண்டா அண்டாவாகத் தண்ணீர் காய்ச்சினார்கள். குடிக்க, வாய் கொப்பளிக்க, பாத்திரம் கழுவ, எல்லாவற்றுக்கும் வெந்நீர்தான்.

ஒரு சாயங்காலம் நாலு விறகை முந்தானையில் சுற்றிக்கொண்டு கிளம்பியவளை அந்த வீட்டம்மா கொல்லை வாசலில் மறித்தார். நானும் கூட நின்றேன்.

"மடியில என்னடி?"

"நாலு வெறகு தாயி. சின்னவனுக்கு ஒரு சட்டித் தண்ணி சுட வைக்கணும். இன்ஸ்பெட்டரு சொன்னாருல்ல."

"இன்னைக்கு நீ வருவ, நாளைக்குச் சேரியே வந்து நிக்கும். அம்புட்டுப் பேருக்கும் நாங்களா வெறகு வச்சிருக்கோம்? கீழ போடு."

அம்மா குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, அடுக்கில் இருந்தபடியே வைத்தாள்.

மூன்றாம் நாள் என் தம்பி முத்துக்கருப்பனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. ஐந்து வயது அவனுக்கு. காலையில் ஓடித் திரிந்தவன் மதியத்துக்குள் கண் குழிவிழுந்து, "தண்ணி, தண்ணி" என்றபடியே கிடந்தான். கேட்டபோதெல்லாம் அம்மா அந்த ஊருணித் தண்ணீரைத்தான் கொடுத்தாள். வேறு தண்ணீர் இல்லை. மறுநாள் அடங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு விறகு வந்தது. நோய் தொட்ட எதுவும் மிஞ்சக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் உத்தரவிட, பெரியவீட்டிலிருந்து ஒரு வண்டி விறகும் ஒரு டின் மண்ணெண்ணெயும் கேட்காமலே வந்து இறங்கின. அவன் படுத்த பாயையும், போர்த்திய அம்மாவின் பழஞ்சேலையையும், அவனுக்கென்று இருந்த ஒரே துணியையும் எங்கள் குடிசை முன்னாலேயே கொளுத்தினார்கள்.

"ஒரு சட்டித் தண்ணிக்கு இதுல எம்புட்டு வேணும்?" என்று அம்மா கேட்டாள்.

இப்போது அந்த ஊருணியைத் தூர்த்து, அதன்மேல் பஸ் நிற்கிறது. பெரியவீட்டார் எல்லாவற்றையும் விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். தம்பியைப் புதைத்த கம்மாய்க்கரை மேட்டில் மூன்று வீடுகள் எழும்பிவிட்டன. போன மாதம் அங்கே போய் நின்றேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண், "யாரத் தேடுறீங்க அம்மாச்சி?" என்று கேட்டாள். யாருமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.