பிரிஜெட் அத்தையின் மூன்று தாள்கள்

எங்கள் அக்கா கேத்தரினுக்குப் பதினேழு வயது. ரிச்சர்ட்ஸ் டவுனில் அவளைத் தெரியாதவர்கள் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடுவாள், சனிக்கிழமை வீட்டுத் துணியெல்லாம் துவைப்பாள், மற்ற நாள் படிப்பாள். கன்னியாஸ்திரீயின் நாற்காலியில் பலாப்பால் தடவியதற்காக என்னை நான்காம் வகுப்போடு லேஸ் பின்ன அனுப்பிவிட்டார்கள். ஆகவே வீட்டில் படித்தவள் அவள் ஒருத்திதான்.

1937இல் அவள் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி வந்தது. தலைப்பு 'மாற்றமும் வளர்ச்சியும்'. மூன்று கவிதைகளை எடுத்துக்காட்டி எழுதவேண்டும். ஜெயித்தால் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இலவச இடம். தோற்றால் தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணம். மாப்பிள்ளை டெஸ்மண்டுக்கு ரயில்வேயில் வேலை, அக்காளை விட அவள் பாடுகிற குரல் பிடித்ததாம்.

மற்றப் பெண்கள் பாடப் புத்தகத்தில் விதை, நதி, பட்டாம்பூச்சி என்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

எங்கள் ஆட்களுக்குள் புது நன்மை என்கிற முதல் நற்கருணை, கல்யாணம், சாவு எதுவானாலும் பாட்டு அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். நல்லதுக்கு ரோஜா நிறத் தாள், சாவுக்குக் கறுப்புக் கரை. எல்லாவற்றையும் எழுதுகிறவர் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர் ஆராவமுதன் ஐயங்கார். நெற்றி நிறைய நாமத்தோடு தேவமாதாவைப் பாடுவார். யாரும் ஆச்சரியப்பட்டதில்லை.

பெட்டியில் செத்துப்போன பிரிஜெட் அத்தையின் தாள்கள் மூன்று இருந்தன. ஒன்று புது நன்மைக்கு, ஒன்று கல்யாணத்துக்கு, ஒன்று பிரசவத்தில் போனபோது. மூன்றிலும் 'அடக்கத்தில் அகல்விளக்கே, அன்பினில் பசும்பொன்னே'தான். கடைசி வரி மட்டும் வேறு. முதலில் ஆண்டவரிடம் வந்தாய், பிறகு கணவரிடம் போனாய், பிறகு ஆண்டவரிடமே போனாய்.

"என்னக்கா, ஒரே சட்டைய மூணு பேருக்குப் போட்ட மாதிரி இருக்கு?"

"மூணு பேர் இல்லடி. ஒரே அத்தை. அதான் கட்டுரை."

'தாளின் நிறம் மாறியது, அது மாற்றம். வளர்ச்சியைத் தேடினேன், அதை எழுத யாரும் அத்தையைக் கவனிக்கவில்லை' என்று அக்கா எழுதினாள். படித்துக் காட்டியபோது எனக்கே கிண்டல் வரவில்லை.

மறுநாள் காலையில் கட்டுரையைப் பண்டிதரிடம் கொடுத்தாள்; சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். முற்றத்தில் நாற்காலி போட்டோம். எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடமாட்டார் என்பதால் அம்மா என்னைப் பக்கத்து வீட்டுக் கோமளம் மாமியிடம் காபிக்கு விரட்டினாள். மாமி வீட்டில் பூட்டு. கொல்லையில் கவிழ்த்திருந்த அவளுடைய டவரா டம்ளரை எடுத்துவந்து எங்கள் காபியை ஊற்றினேன். அம்மா பார்த்தாள், பார்க்காததுபோல அடுப்பை ஊதினாள்.

"பேஷ்! நம்மாத்துக் காபின்னா வாசனையே தனி," என்று குடித்தவர், மடியிலிருந்து கட்டுரையை எடுத்தார்.

"ஆம்ப்ரோஸ், ஒம்ம பொண்ணு எழுதினாப்ல இந்தப் பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் எழுதினதில்லே."

அப்பா சிரித்தார்.

"சிரிக்காதீர். இது பள்ளிக்கூடத்துப் பெரிய மதர் கைக்குப் போச்சுன்னா அப்புறம் எனக்கு ஒரு கல்யாணப் பாட்டு வராது. அஞ்சு பொண்ணு வச்சிண்டிருக்கேன். புஸ்தகத்துலேர்ந்து வேற மூணு பாட்டை எடுத்து இப்பவே எழுதித் தரச் சொல்லும். முதல் பரிசு இவளுக்குத்தான். இல்லேன்னா இதை நான் பாக்கவேயில்லே."

"சார் சொல்றது சரிதானே, கேட்டி," என்றார் அப்பா.

அக்கா பண்டிதரையே பார்த்தாள். "அத்தைய என்ன சார் பண்றது?"

"அந்தப் பொண்ணப் பத்தி எனக்கென்னம்மா தெரியும்? பேர் குடுத்தா. எழுதினேன்."

அக்கா உள்ளே போய் எழுதினாள். விதை, நதி, பட்டாம்பூச்சி. அவர் அதை வாங்கிக்கொண்டு, பழையதை நாலாக மடித்து மடியில் செருகியபோது, குடித்த காபி யார் வீட்டுக் காபி என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கலாட்டா பண்ணாதடி. என் சீட்டு அவர் கையில இருக்கு."

நான் வாயை மூடிக்கொண்டது அந்த வருஷத்தில் அன்று ஒருநாள்தான்.

பரிசளிப்பு விழாவில் அக்கா கட்டுரையை உரக்க வாசித்தாள். மனித வாழ்வும் விதையைப்போல ஓயாமல் வளர்கிறது என்றாள். மதர் கை தட்டினார். பண்டிதர் கண்ணாடியைத் துடைத்தார். முன்வரிசையில் அப்பா அழுதார். பயிற்சிப் பள்ளி இடம் கிடைத்தது. டெஸ்மண்டுக்கு வேறு பெண் பார்த்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கி வந்தவளிடம், "நல்லா இருந்துச்சுக்கா," என்றேன்.

"பொய் சொல்லாதடி."

"நானா சொன்னேன்?"

அடிப்பாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என் ரிப்பனை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டுப் போனாள். அடித்திருக்கலாம்.