மெது சைக்கிள் போட்டியில் நகராத வண்டி

கை ரிக்‌ஷாவை ஒழித்த வருடம் அது. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, தாம்பரத்தில் ஒரு சின்னப் பட்டறையில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். மனிதனை மனிதன் இழுப்பது நின்றது, நல்லது. மனிதன் தன்னைத் தானே எப்படியெல்லாம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று ஒரு நோட்டில் பட்டியல் போட ஆரம்பித்தேன். நூலகத்தில் பழைய பொறியியல் தொகுதிகள் இருந்தன. மிதியே இல்லாமல், காலால் தரையை உதைத்துக்கொண்டு போகிற மரச் சைக்கிள். முன்சக்கரம் ஆள் உயரமும் பின்சக்கரம் சாப்பாட்டுத் தட்டு அளவுமான சைக்கிள். ஒரே ஒரு ராட்சதச் சக்கரம், அதற்குள்ளேயே உட்கார்ந்து ஓட்டுவது. பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் ஆளும் சேர்ந்து சுற்ற வேண்டியதுதான். பதினேழாவதாக எழுதியது மூன்று சக்கர வண்டி. அதில் கால்கள் வட்டமாகச் சுற்றுவதில்லை, மேலும் கீழும் மட்டுமே போகும். நீளப் பாவாடை போட்ட வெள்ளைக்காரப் பெண்களுக்காகச் செய்ததாம்.

நான் சேலை கட்டுகிறவள். பட்டியலை அங்கேயே நிறுத்திவிட்டு வரைபடத் தாளை எடுத்தேன்.

பழைய சைக்கிள்கள் இரண்டு, காலுக்கு இரண்டு பலகைகள், இரண்டு ஃப்ரீவீல், இரண்டு ஸ்பிரிங். பலகையை மிதித்தால் செயின் இழுபடும், பின்சக்கரம் உருளும். காலை எடுத்தால் ஸ்பிரிங் பலகையை மேலே தூக்கும். வெல்டிங் மட்டும் வெளியே. மற்றதெல்லாம் நானே. நான்கு மாத ஞாயிறுகள், ஆராதனை முடிந்த பிறகு.

எங்கள் சர்ச் வாலிபர் சங்கம் ஒவ்வொரு ஜனவரியிலும் விளையாட்டு விழா நடத்தும். அந்த வருட நோட்டீஸில் புதிதாக ஒரு பந்தயம் இருந்தது: “இன்ஜின் இல்லாத, சொந்தமாகச் செய்த வண்டிகள்.” சர்ச் வாசலிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் வரை போய்த் திரும்ப வேண்டும். பெயர் கொடுக்கப் போனேன். பள்ளிக்கூட ஆசிரியரான சங்கச் செயலாளர் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

“லேடீஸுக்குத்தான் மெது சைக்கிள் இருக்கே, சிஸ்டர்.”

“இது வேகமாப் போறதுக்காகச் செஞ்சது, சார்.”

“சேலையோட மெயின் ரோட்ல போயி விழுந்தா யார் பதில் சொல்றது? மெது சைக்கிள்ல போட்டுக்கறேன்.”

போட்டுக்கொண்டார். நான் நன்றி சொல்லிவிட்டு, போட்டி விதிகள் அடித்த தாளில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டேன். நான்கு விதிகள். கால் தரையில் படக் கூடாது. பின்னால் போகக் கூடாது. பக்கக் கோட்டைத் தாண்டக் கூடாது. கடைசியாக வருபவரே வெற்றி பெற்றவர். எத்தனை சக்கரம் என்று ஐந்தாவது விதி இல்லை.

விழா அன்று சர்ச் வாசலில் புறப்படும் கோடு, பக்கக் கோடு, எல்லைக் கோடு எல்லாம் சுண்ணாம்பால் போட்டிருந்தார்கள். விசில் ஊதினார்கள். மற்ற நான்கு பெண்களும் ஹேண்டிலை வெட்டி வெட்டி ஒடித்தார்கள்; இரண்டு பேர் காலை ஊன்றினார்கள், இரண்டு பேர் தடுமாறி எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். நான் புறப்படும் கோட்டிலேயே இருந்தேன். மூன்று சக்கர வண்டி நின்றாலும் சாயாது. இரண்டு பலகையிலும் காலை வைத்துக்கொண்டு, மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

கோவளம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்கி வைத்து வேடிக்கை பார்த்தாள். “இன்னா கண்ணு, தையல் மிஷினை ரோட்டுக்கே இட்டாந்துட்டியா? எனக்கு ஒரு ஜாக்கெட் தெச்சுக் குடேன்.”

“அளவு குடுங்கம்மா, இங்கேதான் இருப்பேன்” என்றேன்.

செயலாளர் வந்தார். “போதும் சிஸ்டர், நீங்கதான் ஃபர்ஸ்ட். இறங்குங்க.”

“நான் இன்னும் கோட்டைத் தாண்டலையே, சார். தாண்டினாத்தானே போட்டி முடியும்?”

அடுத்து வண்டிப் பந்தயம். அதே இடத்திலிருந்துதான் புறப்பட வேண்டும். நான்கு பேர் உட்காரும் பலகை வண்டி, துடுப்பு போட்டு ஓட்டுவது ஒன்று, பால்பேரிங் சக்கர வண்டி, கையால் சுற்றுவது ஒன்று. எல்லாம் எனக்குப் பின்னால் காத்து நின்றன. வெயில் ஏறியது. சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“சார், பேஜாரா கீது சார், அவங்களையும் சேத்துக்கினு வுடுங்க” என்று பலகை வண்டிக்காரர்களில் ஒருவன் கத்தினான்.

“ஆம்பளைங்க பந்தயம்பா அது” என்றார் செயலாளர்.

“நோட்டீஸ்ல அப்படி இல்லை, சார்” என்றேன்.

அவர் நோட்டீஸை எடுத்துப் படித்தார். திருப்பி, வெறும் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, பட்டியலில் ஐந்தாவதாக என் பெயரை எழுதினார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பலகையை மிதித்து எல்லைக் கோட்டைத் தாண்டினேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மற்ற நான்கு வண்டிகளோடு வரிசையில் நின்றேன்.

பந்தயத்தில் மூன்றாவதாக வந்தேன். திரும்பும்போது வலது ஸ்பிரிங் அறுந்துவிட்டது. மீதித் தூரம் இடது காலால் மட்டும் மிதித்தேன். சேலை ஓர் இடத்திலும் மாட்டவில்லை.

இந்த வருட நோட்டீஸ் போன வாரம் வந்தது. வண்டிப் பந்தயத்துக்கு மேலே “ஆண்களுக்கு மட்டும்” என்று அச்சடித்திருக்கிறார்கள். மெது சைக்கிள் விதிகள் அதே நான்குதான். அதைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் போட்டிக்கு நாங்கள் ஆறு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறோம். வண்டிகள் ஆறும் மூன்று சக்கரம். மதியச் சாப்பாடும் கட்டிக்கொண்டு போகிறோம்.